தம்பி கொண்டுவந்த புல்

மூன்று வருஷம் முகத்துக்கு முகம் பார்க்காத மாமனும் மச்சானும் போன வாரம் ஒரே பாயில் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டார்கள். தனக்கோடி அடுப்பு மறைவில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. அவள் ராசிக்கு அதுவே அதிகம்.

இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்கு முன்கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தனக்கோடியும் நாகேஷும் மர்பி டவுனில் பிறந்து, மர்பி டவுனிலேயே கட்டிக்கொண்டவர்கள். நாகேஷ் அடுகோடியில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டியவன். பட்டறையை இழுத்து மூடியபோது ஆட்டோ ஓட்டு, செக்யூரிட்டிக்குப் போ என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவன் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, ரசாயனம் ஒரு சொட்டுப் படாமல் காய்கறி போடப்போகிறேன் என்றான்.

"லேத்து போனதும் மாமா மண்ணைத் திங்கக் கெளம்பிட்டாரு" என்று காதுகுத்து வீட்டுப் பந்தியில் அத்தனை பேர் எதிரில் சொன்னவன் தனக்கோடியின் தம்பி உத்தமன். சொன்னவன் சிரித்தான், பந்தியும் சிரித்தது. நாகேஷ் பாதி இலையில் எழுந்து வந்தவன்தான், அப்புறம் மச்சான் என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை.

அவர்களைச் சேர்த்து வைத்தது புல். உத்தமன் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் தோட்ட வேலை காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறான். அங்கே லானில் வெட்டுகிற புல்லைக் குப்பைக்கு அனுப்பாமல், ஒருநாள் கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நிலத்தில் வந்து நின்றான். "மாமாவுக்கு மூடாக்குக்கு ஆவும்" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னான். நாகேஷ் பேசவில்லை. ஆனால் இறக்காதே என்றும் சொல்லவில்லை.

மூடாக்கு என்றால் செடியின் காலடியில் மண் தெரியாமல் போர்த்திவிடுவது. வெயில் மண்ணைச் சுடாது, ஈரம் நிற்கும், களை தலை தூக்காது, மக்கினால் உரமும் ஆகும். இயற்கை விவசாயம் செய்கிறவன் வீட்டுக்கு ஒரு வண்டிப் புல் வந்தால் அது சீர்வரிசைக்குச் சமம். வாராவாரம் புல் வந்தது. புல்லோடு பேச்சும் வந்தது, பேச்சோடு மீன்குழம்பும் வந்தது.

அந்தப் புல்லில் ஒரு பிடியை இன்று காலை கையில் வைத்துக்கொண்டு, செய்வதறியாமல் தனக்கோடி நின்றுகொண்டிருந்தாள்.

அவரைக்காய் பறிக்கத்தான் வந்தாள். இயற்கை விளைச்சல் சான்று தருகிற குழுவிலிருந்து ஆட்கள் வருகிறார்களே, நம் நிலத்துக் காயில் ஒரு பொரியல் வைப்போம் என்று வந்தாள். பந்தலுக்குள் நுழைந்து நிமிர்ந்தவளுக்குத் திக்கென்றது. கொழுந்து இலைகள் எல்லாம் கிண்ணம் மாதிரிக் குவிந்திருந்தன. சில இலைகள் இலையாகவே இல்லை, நாடாவைப்போல் ஒடுங்கி நீண்டிருந்தன. பக்கத்துப் பாத்தியில் தக்காளித் தண்டுகள் பிழிந்துபோட்ட துணியாக முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக் கிடந்தன.

நாலைந்து நாளாகவே லேசான சுருட்டல் இருந்தது. பனியாக இருக்கும் என்று புளித்த மோரைக் கரைத்துத் தெளித்தாள். பூச்சியாக இருக்கும் என்று இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து அந்தக் கரைசலையும் தெளித்தாள். முந்தாநாள் நல்ல மழை. மழைக்குப் பிறகு செடி தெளிந்துவிடும் என்று நம்பியிருந்தவளுக்குக் கிடைத்த பதில் இது.

இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை ஈ ஒன்றுகூட இல்லை. இலைப்பேன், அசுவினி எதுவும் இல்லை. நோயாக இருந்தால் அங்கொன்று இங்கொன்றாக ஆரம்பிக்கும். இது வரிசை பிசகாமல் பாத்தி பாத்தியாக இருந்தது.

அவள் நிலத்தைச் சுற்றி நடந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கெம்பண்ணாவின் ரோஜாக் கூடாரம். பூவுக்கு மருந்தடிப்பவர் அவர். காற்றில் ஏதாவது வந்திருந்தால் வேலியோரக் கீரைதான் முதலில் வாங்கியிருக்கும். கீரை தளதளவென்று நின்றது. கீரைக்கு மூடாக்குப் போடுவதில்லை. வேலிக்கு ரொம்ப தூரத்தில் இருக்கிற அவரைதான் செத்துக்கொண்டிருந்தது, அங்கேதான் புல்லைக் கணுக்கால் உயரத்துக்குப் போட்டிருந்தாள். மக்காச்சோளத்துக்கும் அதே புல்தான். சோளம் மட்டும் எதுவும் நடக்காததுபோல் பச்சையாக நின்றது.

போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"என்னாக்கா, காலங்காத்தால?"

"உத்தமா, நீ கொண்டார புல்லு இருக்கே, அந்த லான்ல மருந்து கிருந்து எதாச்சும் அடிக்கிறியாடா?"

"அடிக்காம? கமிட்டில ஒரு மேடம் இருக்காங்க. புல்லு நடுவுல ஒரு களை தெரிஞ்சா போட்டோ புடிச்சு க்ரூப்ல போட்டுருவாங்க. அதனால களை மருந்து அடிப்போம். நல்ல மருந்துக்கா அது, புல்லை ஒண்ணும் பண்ணாது. அகல எலை இருக்குற களை மட்டும்தான் சாவும்."

தனக்கோடி அவரை இலையைப் பார்த்தாள். தக்காளி இலையைப் பார்த்தாள். அகல இலைதான் இரண்டும். சோளம் புல் சாதி.

"எதுக்குக்கா கேக்குற?"

"அவரை, தக்காளி எல்லாம் சுருண்டு போச்சுடா. நீ குடுத்த புல்லு போட்ட பாத்தி மட்டும்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த புல்வெட்டும் மிஷின் சத்தம் நின்றது.

"வெட்டுன புல்லுல எப்பிடிக்கா... அது காஞ்சு சருகாதானே வருது?"

"மழை பேஞ்சுது இல்ல. ஊறி மண்ணுல எறங்கிருக்கு."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. டீ வாங்கப் போயிருக்காரு. இன்னிக்குக் குழு வருது உத்தமா."

"அக்கா, சொல்லிடாதக்கா." உத்தமனின் குரல் உடைந்தது. "மண்ணைத் திங்கப் போறாருன்னு சொன்ன வாயி இது. இப்ப அந்த மண்ணையே கெடுத்தவன் ஆயிட்டேன். தெரியாம செஞ்சேன்னு சொன்னா மாமா நம்புவாரா? பழி வாங்குனதா நெனைப்பாரு. இன்னிக்கு மட்டும் விடு. குழு வந்துட்டுப் போவட்டும். சாயங்காலம் நானே வந்து அவரு கால்ல விழுறேன்."

பிள்ளை வயசிலிருந்து தம்பி அழுதால் அவள் வாயில் வருவது ஒரே சொல்தான். "சரி" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அது எப்படி சரி ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அதைப் பழமொழியாகக் கேட்டவர்கள் நாம். தனக்கோடி அதற்குள்ளேயே நின்றாள். சொன்னால் தம்பி போவான். சொல்லாவிட்டால் புருஷன் ஒரு பொய்யின் மேல் நின்று சத்தியம் செய்வான்.

சத்தியம் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் இந்தக் குழுவின் வழக்கம். சுற்று வட்டாரத்தில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்த குழு அது. ஒருவர் நிலத்தை மற்றவர்கள் வந்து பார்த்து, சரி என்று சொன்னால்தான் இயற்கை விளைச்சல் என்ற சான்று. பழைய மருந்தெல்லாம் மண்ணிலிருந்து கழிய மூன்று வருஷம் விடுவார்கள். அதுவரை 'மாறும் காலம்' என்று பேர். எலெக்ட்ரானிக் சிட்டியில் காய் வாங்குகிறவர்கள் "இன்னும் மாறலையா?" என்று கேட்டுக் கேட்டு நாகேஷ் நொந்துபோயிருந்தான். இன்றோடு மூன்றாவது வருஷம் முடிகிறது. சான்றை மாட்டுவதற்கு பம்ப்செட் சுவரில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டான். ஆணி அடித்த அன்றைக்கு தனக்கோடி, "பொறுங்க, குழந்தை பொறக்கட்டும், அப்பறம் பேரு வெக்கலாம்" என்று கேலி செய்திருந்தாள்.

பைக் சத்தம் கேட்டது. நாகேஷ் ஃபிளாஸ்கும் பன் பொட்டலமுமாக இறங்கினான். பொங்கலுக்கு எடுத்த சட்டையை இன்றைக்கே உடுத்தியிருந்தான்.

"தனம், ஆம்ப்ரோஸ் அண்ணன் குழுவோட கெளம்பிட்டாராம். அவரு சம்சாரம் பெட்டி அக்காவும் வராங்க. டம்ளரைக் கழுவி வெச்சியா?"

"என்னாங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

அவள் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்தும் விட்டாள். ஆனால் அவன் அதற்குள் பந்தலைப் பார்த்துவிட்டான். கையிலிருந்த பன் பொட்டலத்தை வரப்பில் வைத்தான். ஒரு கொடியைத் தொட்டான், இன்னொன்றைத் தொட்டான். தக்காளிப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து முறுக்கிய தண்டை விரலால் நிமிர்த்திப் பார்த்தான். விட்டதும் அது மறுபடி முறுக்கிக்கொண்டது.

"இது நோயில்ல" என்றான். "இது மருந்து."

"ஆமாங்க, அதான் நான் சொல்ல—"

"கெம்பண்ணா." எழுந்துவிட்டான். "காத்து இந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சே அடிச்சிருக்கான். இன்னிக்குக் குழு வருதுன்னும் தெரியும். நான் சான்று வாங்கிட்டா அவன் பூவுக்கு இன்னா கொறைஞ்சு போவுது?"

"அவரு அப்பிடிப்பட்டவரு இல்லீங்க. ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க."

"மூணு வருஷம் தனம்." அவன் குரல் நடுங்கியது. "மூணு வருஷம் ஒரு சொட்டு வெளி மருந்து படாம பாத்துக்கிட்டேன். வேலியோரமா அகத்தியும் சோளமும் வெச்சு மறைச்சேன். எல்லாத்தையும் தாண்டி வந்திருக்கு பாரு."

அவன் வேலியை நோக்கிப் போனான். இந்த இடத்தில் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். தனக்கோடியின் காலோ நட்டு வைத்ததுபோல் அங்கேயே நின்றது. உள்ளே ஒரு குரல் சொல் சொல் என்றது, இன்னொரு குரல் தம்பி அழுவதையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியது.

வேலியில் சத்தம் ஏறியது. கெம்பண்ணா நல்ல மனுஷன். நாகேஷுக்காக, மருந்தடிக்கிற நாளெல்லாம் முந்தின நாளே சொல்லிவிடுவார், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பம்பை நிறுத்திவிடுவார். கன்னடத்தில்தான் பேசுவார், சுருக்கமாகப் பேசுவார்.

"நான் இந்த வாரம் பம்பைத் தொடவே இல்லை நாகேஷப்பா" என்றார் அவர். "அடித்திருந்தால் உன்னிடம் சொல்லாமல் அடிப்பேனா?"

"பொய் சொல்லாத. எஞ்செடி பேசுது."

"என் தோட்டத்துக்கு வா, டிரம்மைப் பார். வேலைக்காரர்களைக் கேள்."

"உன் ஆளு உனக்கு எதிரா பேசுவானா? கள்ளா!"

அந்தச் சொல் கன்னடத்திலும் தமிழிலும் ஒன்றுதான். கெம்பண்ணாவின் முகம் சுருங்கிப்போனது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார். நியாயம் கேட்க வந்தவரைப்போல் இல்லை, அடி வாங்கியவரைப்போல் நின்றார்.

அப்போதுதான் குழு வந்து சேர்ந்தது. முன்னால் ஆம்ப்ரோஸ், அவர் மனைவி பெட்டி, பின்னால் மற்ற மூன்று வீட்டு ஆட்கள். ஆம்ப்ரோஸ்தான் குழுவுக்குத் தலைவர். மிலிட்டரி டெய்ரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், சிரித்துப் பேசுவார், ஆனால் சட்டத்தில் சல்லிக்காசுக்கு விட்டுக்கொடுக்கமாட்டார்.

எல்லோரும் பந்தலுக்குள் வந்து பார்த்தார்கள். "ஐயோ பாவமே" என்றாள் பெட்டி. நாகேஷ் கெம்பண்ணாவைக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டான் என்றான், பஞ்சாயத்துக்குப் போகிறேன் என்றான். அவன் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் கெம்பண்ணாவை ஒருமாதிரி பார்த்தார்கள். எத்தனையோ வருஷப் பழக்கம், ஒரே பேச்சில் அவர் திருடனாகிக்கொண்டிருந்தார்.

தனக்கோடி பெட்டியின் பின்னால் நின்றாள். தம்பிக்குச் சரி சொன்னபோது இதில் மூன்றாவது ஆள் ஒருவர் மாட்டுவார் என்று அவள் நினைக்கவே இல்லை.

"சரிப்பா, பக்கத்து நிலத்து மருந்துன்னா அதுக்குத் தனி வழி இருக்கு" என்றார் ஆம்ப்ரோஸ். "உம்மேல குத்தமில்லன்னா கெட்டுப்போன பாத்திங்களை மட்டும் ஒதுக்கிட்டு மத்ததுக்குச் சான்று குடுக்கலாமான்னு பேசிப் பாக்கலாம். முதல்ல உறுதி சொல்லிடு. அப்பறம் பேசிக்கலாம்."

அவர் குனிந்து அவரைப் பாத்தியில் புல்லை விலக்கி ஒரு பிடி மண்ணை எடுத்தார். கோர்ட்டில் புத்தகத்தைத் தொட்டுச் சொல்வார்கள், இங்கே மண்ணைக் கையில் வாங்கிச் சொல்வது. நிலத்தில் பாடுபடுகிற அத்தனை பேரும், ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிச் சொல்லவேண்டும்.

நாகேஷ் செருப்பைக் கழற்றினான். இரண்டு கையையும் சேர்த்து மண்ணை வாங்கிக்கொண்டான்.

"எங்கையாலயும் எங்க வீட்டு ஆளுங்க கையாலயும் வெலக்குன பொருள் எதுவும் இந்த மண்ணுல விழல" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மூன்று வருஷமும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

திரும்பி மனைவியிடம் கையை நீட்டினான். அவள் ஏந்தினாள். ஈர மண் அவள் உள்ளங்கையில் விழுந்தது. மண்ணோடு ஒரு காய்ந்த புல்லும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"சொல்லும்மா" என்றார் ஆம்ப்ரோஸ்.

அவள் வாய் திறந்தது. 'எங்கையாலயும்' என்பது வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. விரலிடுக்கில் மண் உதிர்ந்தது.

"தனம், சொல்லு" என்றான் நாகேஷ் மெதுவாக.

"காத்துல வரலீங்க" என்றாள். "அந்த அண்ணன் ஒண்ணும் பண்ணல. நான் போட்ட மூடாக்குல வந்துச்சு. அந்தப் புல்லு களை மருந்து அடிச்ச புல்லு. கீரைக்குப் போடல, கீரை நல்லா இருக்கு. சோளம் புல்லு சாதி, அதுக்கு ஒண்ணும் ஆவல. எங்கையாலதான் போட்டேன்."

ஆம்ப்ரோஸ் போய்க் கீரையைப் பார்த்தார், சோளத்தைப் பார்த்தார், அவரைப் பந்தலுக்குத் திரும்பி வந்து புல்லை ஒரு பிடி எடுத்து முகர்ந்தார்.

"எங்கேர்ந்து வந்த புல்லு இது?"

"அபார்ட்மெண்ட் லான்லேர்ந்து. எந்தம்பி கொண்டாந்தான். அவனுக்குத் தெரியாதுண்ணா. எங்களுக்கும் தெரியாது. பாட்டிலு, மூட்டைன்னு வெளியேர்ந்து எது வந்தாலும் உங்களைக் கேட்டுட்டுத்தான் உள்ள விடுவோம். புல்லைப் போயி யாரு கேப்பாங்க?"

"நானும் கேட்டிருக்கமாட்டேன்" என்றார் ஆம்ப்ரோஸ். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. "ஆனா தெரிஞ்சு போட்டியா தெரியாம போட்டியான்னு பாக்குறதுக்கு நம்ம சட்டத்துல எடமில்லம்மா. வெலக்குனது உள்ள வந்துடுச்சு. மறுபடி மொத வருஷம்தான்."

நாகேஷ் அதைக் கேட்டுக்கொண்டே பாத்தியில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் இரண்டு கையாலும் புல்லை வாரி வாரி வெளியே எறிந்தான். பொங்கல் சட்டை முழுக்கச் சேறு.

"விடுப்பா" என்றார் ஆம்ப்ரோஸ். "மேல இருக்குற புல்லை எடுத்துப் புண்ணியமில்ல. மழையில கீழ எறங்கிடுச்சு."

"ஜீவாமிர்தம் ஊத்துறேண்ணா. சாணி, கோமியம், வெல்லம் எல்லாம் இருக்கு, இன்னிக்கே கரைக்கிறேன். கரித்தூள் போடுறேன். எது சொன்னாலும் செய்யறேன்."

"செய்யி, வேணாங்கல. ஆனா மண்ணுல இருக்குற நுண்ணுயிருங்க அதைத் தின்னுத் தீக்கணும். அதுங்களை நாம வெரட்ட முடியாது. அப்பப்ப ஒரு சட்டியில இந்த மண்ணைப் போட்டு அவரை வெதைச்சுப் பாரு. எலை சுருளாம வந்தா சரியாச்சுன்னு அர்த்தம்."

"எவ்ளோ நாளாவும்?"

"தெரியாதுப்பா. இந்தச் செடியெல்லாம் புடுங்கிட்டு, எருக்குழியில மட்டும் போட்டுடாத. அங்கயும் போயிடும்."

செடிக்கு மருந்து இல்லை, மண்ணுக்கு மருந்து இல்லை, காத்திருப்பது ஒன்றுதான் வைத்தியம். லேத்தில் ஒரு பாகம் கெட்டால் நாகேஷ் இன்னொரு இரும்பை மாட்டிக் கடைந்துவிடுவான். இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சும்மா இருப்பதற்குச் சொல்லித்தர அவனுக்கு யாரும் இல்லை.

குழு கிளம்பியது. டீ ஃபிளாஸ்கிலேயே ஆறிப்போனது. பெட்டி மட்டும் தனக்கோடியின் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். கெம்பண்ணா எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. வேலியோரம் காலியாக இருந்தது.

மத்தியானம் முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் செடி பிடுங்கினார்கள். காயோடு, பூவோடு பிடுங்கினார்கள். அவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் அவன் வரப்பில் உட்கார்ந்து, பக்கத்தில் உட்காரச் சொல்லி அவளுக்குக் கைகாட்டினான்.

"ஆய்த்து தனம். எல்லாம் ஆய்த்து" என்றான். "எனக்குக் கோவம் வந்துச்சு, இல்லேன்னு சொல்லமாட்டேன். உந்தம்பியை வெட்டிப் போட்டுடலாம்னு வந்துச்சு. அப்பறம் யோசிச்சேன். பாவம், அவன் இன்னா பண்ணுவான்? நல்லது செய்யணும்னுதானே கொண்டாந்தான்."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"அவனுக்கு இது தெரிய வேணாம்" என்றான் நாகேஷ். "தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவான். இனிமே புல்லு வேணாம், எடமில்லன்னு மட்டும் நான் சொல்லிடுறேன். சமயம் வரப்ப பக்குவமா எடுத்துச் சொல்லிக்கலாம்."

"என்னாங்க..."

"இரு. இன்னொண்ணு." அவன் அவள் கையைப் பிடித்தான், மண் அப்பிய கை. "கையில மண்ணு விழுந்ததும் உனக்கு விஷயம் பட்டுடுச்சு. பட்டதும் தம்பின்னுகூடப் பாக்காம அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டே பாரு. சான்று போனா போவுது. இந்த நாணயம் இருக்கே, எனக்கு அது போதும்."

காலையிலேயே தெரியும் என்று தனக்கோடி இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இத்தனை நாள் கழித்து, இத்தனை நஷ்டத்துக்கு நடுவில், அவன் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில் அவள் மனசு ஒரு நொடி மயங்கிவிட்டது. அந்த ஒரு நொடிதான்.

"உம்போனைக் குடு. அவன் நம்பரு எங்கிட்ட ஏது?" என்று அவள் மடியிலிருந்து அவனே எடுத்துக்கொண்டான்.

"நான் பேசுறேங்க. குடுங்க, நான் சொல்லிக்கிறேன்."

"நீ அழுதுடுவே." அதற்குள் நம்பரைத் தட்டிவிட்டான். பட்டறைச் சத்தத்தில் பாதி மந்தமான காது, அவன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான்.

ஒரு ரிங்கூட முழுசாக அடிக்கவில்லை. உத்தமன் எடுத்துவிட்டான்.

"அக்கா, குழு போயிட்டாங்களா? மாமாகிட்ட சொல்லலியே? காலைல நீ சரின்னு சொன்னப்பறம்தான்க்கா எனக்கு உசுரே வந்துச்சு. பக்கத்து ரோஸ்காரரு மருந்துன்னு மாமா நெனைச்சா நெனைச்சுட்டுப் போவட்டும், நீ வாயைத் தொறக்காத. நான் இப்ப கெளம்பி வந்து பக்குவமா... அக்கா? லைன்ல இருக்கியா?"

தனக்கோடி போனைப் பிடுங்கி அணைத்தாள். பிடுங்கியது வீண்.

நாகேஷ் அவள் கையை விட்டுவிட்டான். உதறவில்லை, மெதுவாகத்தான் விட்டான்.

"காலைலயே தெரியுமா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நான் அந்த மனுஷனைக் கள்ளான்னு சொல்றப்போ?"

அவள் தலை நிமிரவில்லை.

"நான் மண்ணைக் கையில வாங்கிச் சொன்னேனே, எங்க வீட்டு ஆளுங்க கையாலயும்னு. அப்பவும் தெரியுமா?"

"சொல்லணும்னுதாங்க வந்தேன்" என்றாள். "ரெண்டு வாட்டி வாயெடுத்தேன். நீங்க கேக்கல. அவன் அழுதான். எனக்கு இன்னா செய்யறதுன்னே தெரியலீங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அது எதுவும் உதவவில்லை.

நாகேஷ் எழுந்தான். தொட்டியில் கையைக் கழுவினான், முகத்தைக் கழுவினான், சட்டையில் காய்ந்திருந்த சேற்றைத் தட்டிவிட்டான். பன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம், கெம்பண்ணாவின் கேட்டைப் பார்த்து நடந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்க வேண்டியவளும் அவள்தான் என்று தெரிந்தது. சேலையை உதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

அவன் நின்றான். ஆனால் திரும்பவில்லை.

"நீ வராத" என்றான்.